ஜெனரேட்டர் வேண்டாம் என்றால் சீர் வேண்டாம் என்று பொருளா?

கள்ளிக்குப்பம்,
திங்கட்கிழமை, பகல் 2.10 மணி (கரண்ட் இருக்கிறது).

அன்புள்ள மச்சான் எத்திராஜுக்கு,

மாமா மணவாளன் எழுதுவது. இங்கே நானும், உன் அக்கா கன்னியம்மாளும், ஏழு மாதம் முழுகாமல் இருக்கும் நம் மகள் ஜெயப்பிரியாவும் சுகம். ஆவடியில் நீயும், உன் வீட்டுக்காரி சுதாவும், உன் கடையில் வாடகைக்கு விடும் மூன்று ஜெனரேட்டர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மூன்று நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுகிறது. ஆகவே காகிதத்தில் எழுதி, ஆவடிக் கடைகளுக்கு இட்லி மாவு போட வரும் பக்கத்து வீட்டுத் துலுக்கானத்திடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் எதிரில் கிழித்துவிடாதே. தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வளைகாப்பு. அதற்கு உன் ஜெனரேட்டர் வேண்டாம் என்றேன். நீ, "அப்போ தாய்மாமன் சீரே வேணாம்னு சொல்றியா மாமா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். தாய்மாமன் வீட்டு வளையல் முதலில் ஏறாமல் மற்ற வளையல்கள் எப்படி ஏறும்? அன்று முதல் உன் அக்கா என் தட்டில் சோற்றை மட்டும் வைக்கிறாள். குழம்பை நானே தேடி ஊற்றிக்கொள்கிறேன்.

நம் குடும்பத்தில் உன் ஜெனரேட்டருக்கு உள்ள மரியாதை எனக்குத் தெரியாததல்ல. ஜெயப்பிரியாவின் மஞ்சள் நீராட்டுக்கு அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, மேளத்தோடு தள்ளிக்கொண்டு வந்தாய். சீர்த் தட்டு ஒன்பது, பத்தாவது ஜெனரேட்டர். கல்யாணத்துக்கும் அப்படியே வந்தது. அது போட்ட சத்தத்தில் கெட்டிமேளம் கேட்காமல், தாலி கட்டியாயிற்று என்று நினைத்து முன்கூட்டியே பதினான்கு பேர் பந்தியில் உட்கார்ந்ததும் உனக்கு நினைவிருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

என் நிலைமையையும் நீ பார்க்க வேண்டும். சித்திரையில் வேலப்பன்சாவடிச் சம்பந்தியம்மா மைதிலி சாப்பிட வந்திருந்தபோது, மாலை 7.05க்குத் தெருமுனைப் பெட்டியில் பியூஸ் போனது. 8.40 வரை வரவில்லை. அந்தம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "உங்க தெருவுல கரண்ட்டும் என்னை மாதிரியே விருந்தாளி போலக்கீது சம்பந்தி, எட்டிப் பார்த்துட்டுப் போய்டுது" என்றார். அன்று முடிவெடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் மெஷின்களைப் பராமரித்தவன் ஒரு பியூஸுக்குத் தலைகுனிவதா?

மறுநாள் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போனேன். அந்தப் பெட்டியிலிருந்து கரண்ட் எடுப்பது பதினொரு வீடு. நான்கு மொட்டை மாடிகளில் சோலார் தகடு, மூன்று வீடுகளில் பெரிய பேட்டரி. பகலில் மாடியில் கரண்ட் வழிகிறது, எடுக்க ஆளில்லை. மாலையில் எல்லா வீட்டிலும் ஆள், ஏசி, மோட்டார், கிரைண்டர். ஆனால் வெயில் இல்லை. தண்ணீர் வரும்போது குடமில்லை, குடம் வைக்கும்போது தண்ணீரில்லை என்ற கதைதான். புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை, இருப்பதை நேரம் பார்த்துப் பயன்படுத்தினால் போதும் என்றேன். மோட்டார், கிரைண்டர், துணி மிஷின், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாம் பகலுக்கு மாறட்டும். பேட்டரிகளும் பகலில் நிரம்பட்டும். மாலையில் அந்த மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பேட்டரியில் ஓட்டிக்கொண்டால், லைனில் வருவது மற்ற எட்டு வீட்டுக்குத் தாராளம். எல்லோரும் தலையாட்டினார்கள். பகல் பன்னிரண்டு முதல் வீட்டுக்குக் கால் மணி நேரம் என்று அட்டவணை போட்டு ஒட்டினேன். நானும் படித்த முட்டாள், தொடங்கும் நாளைப் புதன்கிழமை என்று வைத்தேன்.

புதனன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். முதல் ஆறு வீடும் அந்த நேரத்தில்தான். ராகு காலத்தில் புதுக் காரியம் தொடங்குவார்களா? ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. ஆறு வீட்டுக்காரர்களும் சுவிட்சில் கை வைத்தபடி காத்திருந்து, 1.31க்கு மோட்டார், கிரைண்டர், துணி மிஷின் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். ஏழாவது வீட்டுக்காரரும் தன் முறைப்படி 1.30க்கே போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் வேறு. 1.32க்குப் பெட்டியில் வெடித்த சத்தத்தில் காக்காய்கள் அயனம்பாக்கம் ஏரி வரைக்கும் போயிருக்கும். லைன்மேன் பாண்டியன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், சாயங்காலம் மட்டும் போய்கினு இருந்த பியூஸை மத்தியானமும் போக வெச்சிட்டீங்களே" என்றார். பாதி அரைந்த அரிசியோடு நின்ற துலுக்கானம், "விடுப்பா, சார் நல்லதுக்குத்தான் செஞ்சாரு" என்றார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பிறகு பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏழு கிழமைக்கும் ஏழு அட்டவணை எழுதினேன். இன்றோடு இருபத்து மூன்று நாள். பியூஸ் போகவில்லை. பாண்டியன் போன வாரம் வண்டியை நிறுத்தி, "உடம்பு கிடம்பு சரியில்லையா சார், உங்க தெருவுலேர்ந்து போனே காணோமே" என்று விசாரித்துவிட்டுப் போனார். இப்போது சொல், இந்தத் தெருவில் நான் டீசல் புகையை விட்டால் என் முகத்தில் யார் விழிப்பார்கள்?

வெள்ளிக்கிழமைக்கு நான் எதையும் தற்செயலுக்கு விடவில்லை. பந்தல் விளக்கு, எட்டு மின்விசிறி, மைக் செட் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, பத்து வீட்டுக்காரர்களிடமும் ஆறு முதல் எட்டு வரை ஏசி போடுவதில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறேன். துலுக்கானத்தின் மனைவி அங்கம்மா மட்டும் பிடிவாதம் பிடித்தார். "சீரியல் நேரத்துல ஏசி இல்லாம எப்டி சார் நிம்மதியா அழுவுறது?" என்றார். முதல் பந்தியில் குடும்பத்தோடு இடம் என்று வாக்குக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டார். அதைக் கேள்விப்பட்டு மற்ற ஒன்பது வீடும் அதே சலுகையைக் கேட்டது. கொடுத்தேன். இதற்காக நான்கு நாள் நடந்து முட்டி வீங்கியிருக்கிறது.

ஆகவே மச்சான், உன் சீரை மறுக்கவில்லை, அதன் புகையை மட்டுமே மறுக்கிறேன். வளையலும் தட்டுமாகச் சுதாவோடு நீ நாலு மணிக்கே வந்து முன்னால் நிற்க வேண்டும். நீ வராமல் இந்த வீட்டில் எத்தனை விளக்கு எரிந்தும் பயனில்லை. உன் வீடும் தொழிலும் விளங்கட்டும், பிறக்கப்போகும் பேரப்பிள்ளையை நீயே முதலில் மடியில் வாங்கவேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு உன் அன்பு மாமா,
மணவாளன்

பின்குறிப்பு (பகல் 3.40 மணி): உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பத்து ஊட்டு ஜனமும் அன்னிக்கு ஆறு மணிக்கு நம்ம பந்தல்லதான் குந்தினு இருக்கப்போவுது. பூட்டின ஊட்ல எவன்யா ஏசி போடப்போறான்? இதுக்கா நாலு நாள் கையெழுத்து வாங்கினே?" என்றாள். அரை மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். அவள் கணக்கே சரி. அன்று மாலை எங்கள் லைனில் கரண்ட் வழியத்தான் போகிறது. ஜெயப்பிரியாவோ, "மாமா ஜெனரேட்டர் வராம எனக்கு எந்த விசேஷம்பா நடந்துச்சு?" என்று கண்ணைக் கசக்குகிறாள். ஆகவே அதையும் கொண்டுவா. டீசல் மட்டும் ஊற்றாதே. பத்தாவது தட்டாக வாசலில் நிற்கட்டும், நானே மாலை போடுகிறேன். சந்தனம் இங்கே அரைத்து வைக்கிறோம், பன்னிரண்டு மணிக்கு மேல். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.