பவதாரிணியை நீக்க ஒரு காரணம் வேண்டும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டியராஜன் அவர்களுக்கு,

செல்லூரிலிருந்து உங்கள் மச்சான் வெள்ளைத்துரை எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சென்னையில் சௌகரியம் என்று தங்கை சத்யப்ரியா நேற்றே போனில் சொல்லிவிட்டதால், நான் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும். இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். வக்கீல் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேனே ஒழிய, இதுவரை உங்களை ஒரு தொந்தரவும் செய்ததில்லை. இப்போது ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

எங்கள் நைட்டிக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டராக இருந்த முகேஷ், இரண்டு மாத லீவு முடிந்து போன திங்கட்கிழமை பச்சைச் சேலையில், பவதாரிணி என்ற பெயரில், கலெக்டர் கையெழுத்திட்ட திருநங்கை அடையாள அட்டையோடு வந்தாள். (வந்தான் என்று எழுதி அடித்திருக்கிறேன், பழக்கதோஷம்.) வந்தவள் நேரே மேசைக்குப் போய், துணியை விரித்து அறுபது மடிப்பை ஒரே சீராக வெட்டி வைத்தாள். முதலாளி அழகுபாண்டி என்னைக் கூப்பிட்டு, "நாளைல இருந்து வர வேணாம்னு ஒரு லெட்டர் போடுங்கண்ணே" என்றார். காரணம் கேட்டேன். "அதை நீங்கதான எழுதணும். எதுக்கு மேனேஜரா இருக்கீக?" என்றார்.

எழுத உட்கார்ந்தேன் மாப்பிள்ளை. வேலையில் குறை என்று எழுதலாமென்று குறை நோட்டைப் புரட்டினால், பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு பதிவு, அதுவும் ஒரு தீபாவளிக்கு முதலாளியே கத்திரி பிடித்து அத்தனை நைட்டிக்கும் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டியது. தாமதம் என்று எழுதலாமென்றால் அவள் எனக்கு முன்னால் வருகிறவள். சீருடை மீறல் என்றால், பெண்கள் சேலை கட்டலாம் என்று விதி எழுதியவனே நான். இருப்புக்கொள்ளாமல் எழுந்து நடந்து, சிம்மக்கல் வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அரை டஜன் ஜிப் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பி வந்தால், சேதி தெரிந்து ஆபீஸில் பவதாரிணி முதலாளி முன்னால் நிற்கிறாள், சுவரில் நான் எழுதி மாட்டிய தொழிலாளர் சட்டப் பலகையைக் காட்டி. "பால் காரணமா யாரையும் வேலையில பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்."

"அது ஆம்பளை பொம்பளைக்கு எழுதுனதும்மா, உனக்கு எழுதலை" என்றார் முதலாளி. 'ம்மா' என்று வாயில் வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"முகேஷுக்கு இருந்த வேலை பவதாரிணிக்கு இல்லேங்கிறீக. கை அதே கை, கத்திரி அதே கத்திரி. நடுவுல என்ன மாறுச்சுன்னு வேலையை எடுக்கீக? அதுக்குப் பேரு பால் இல்லாம வேற என்ன சார்? எங்களுக்குன்னு தனிச் சட்டமும் வந்திருக்கு. அதை எடுக்கவே வேணாம், இந்தப் பழசே போதும்."

முதலாளி கடைசி ஆயுதமாக, பாத்ரூமுக்கு எங்கே அனுப்புவது என்று கேட்டார். தையல் பெண்களில் மூத்த பாண்டீஸ்வரி மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்களோடதான். மொதல்ல அந்தக் கதவுக்கு ஒரு தாப்பா போடுங்க, ஆறு வருசமாக் கேக்கோம்."

பவதாரிணி முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு தாளைக் கிழித்தேன். பன்னிரண்டு வருடம் என் பக்கத்து மேசையில் நின்றவள். ஆனாலும் எனக்கும் வயது ஐம்பத்தெட்டு, இந்த வயதில் வேறு எவன் வேலை தருவான்? ஆகவே 'பால்' என்ற சொல் வராமல், பொய்யும் இல்லாமல், அவளை நீக்க ஒரு வரி எழுதி உடனே அனுப்பவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கள்ளழகர் உங்கள் குடும்பத்துக்கும், இடம் மிச்சமிருந்தால் எனக்கும், துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

பி.கு.: மேற்படி வரி வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் பவதாரிணியின் புகாரை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அதிகாரி வந்துவிட்டார். "உண்மையான காரணம் என்ன?" என்று என்னிடம்தான் கேட்டார். "பால்தாங்க" என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன். சுவர்ப் பலகையிலுள்ள அந்தப் பழைய வரி பவதாரிணிக்கும் பொருந்தும், நீக்க முடியாது என்று அதிகாரி சொல்ல, அவள் கத்திரியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். முதலாளி இப்போது என்னை நீக்கச் சொல்கிறார். எழுத வேறு ஆள் இல்லாததால் உத்தரவை நானே எழுத வேண்டுமாம். இதற்குத் தாளே கிழியவில்லை மாப்பிள்ளை. 'காரணம்: கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்' என்று ஒரே மூச்சில் எழுதி நீட்டினேன். ஒரு மணி நேரமாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.