மல்லியின் முன்னங்காலும் இருபத்துநாலு அண்ணனும்

தர்மபுரி மாவட்டத்திலேயே, ஏன், தமிழ்நாட்டிலேயே, ஒரு டீயைக் குடிக்கலாமா வேண்டாமா என்று முழுசாக ஒரு நாள் யோசித்த ஒரே மனிதர் இண்டூர் ‘இருபத்துநாலு’ அண்ணன்தான். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கடைக்காரருக்காவது தெரியுமா என்பது சந்தேகமே.

அண்ணனிடம் மல்லி என்றொரு வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிறவள். இண்டூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நேர் பின்னால்தான் அவள் கொட்டகை. மல்லிக்குத் தோல் ரொம்ப மென்மை. ஒரு கொசு கடித்தால் போதும், உடம்பெல்லாம் தடித்துவிடும். சோப்பு மாறினால் அரிப்பு, முதுகில் போடும் துணி மாறினால் சொறி.

அவளுக்கு வீக்கமும் வலியும் குறையப் பூசும் களிம்பு ஒன்றை முதன்முதலில் கொடுத்தபோது, கால்நடை டாக்டரம்மா அண்ணனிடம் சொன்னாராம்: “முதல்ல கொஞ்சூண்டு இடத்துல தடவுங்க. ஒரு நாள் முழுக்கப் பாருங்க. தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லைன்னாதான் மத்த இடத்துக்கு. கையில கிளவுஸ் போட்டுக்கங்க, உங்க தோல்லயும் மருந்து இறங்கும்.” டாக்டரம்மா சொன்னது களிம்புக்கு. அண்ணன் அதை வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டார்.

புது மிளகாய்த்தூள் வந்தால் ஒரு சிட்டிகையை நாக்கில் வைப்பார், குழம்பு மறுநாள்தான். புதுச் செருப்பு வாங்கினால் முதல் நாள் இடது காலுக்கு மட்டும். டீக்கடையில் மாஸ்டர் மாறிய அன்று ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏங்கண்ணா, டீ நல்லால்லீங்களா?” மாஸ்டர் பதறிப்போனார்.

“நாளைக்கு இந்நேரம் சொல்றனுங்க.”

சொன்னபடி மறுநாள் அதே நேரத்துக்கு வந்து, “நல்லாத்தான் இருக்குதுங்க, ஒரு முழு டீ போடுங்க” என்றார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மகளைப் பெண் பார்க்கப் பொம்மிடியிலிருந்து வந்தவர்களிடம், “மாப்பிள்ளைய மட்டும் ஒரு நாள் நம்ம வூட்டுல வுட்டுட்டுப் போங்க, பாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். கல்யாணமும் நடந்தது!

இந்த மனிதரிடம்தான் நான் போய் மாட்டினேன். என் மச்சினனுக்குக் கம்பைநல்லூரில் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில் வருவான் என்று மாமியார் வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மல்லி முன்னங்கால் வீங்கி நொண்ட ஆரம்பித்தாள். டாக்டரம்மா இந்த முறை வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார். அண்ணன் அவள் கழுத்தோரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியை வெட்டி, களிம்பைத் தொட்டு வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணா, நாளான்னிக்கு ஊர்வலம். நேரா காலுக்கே போட்டுருங்க.”

“இருபத்துநாலு மணி நேரம் ஆவட்டுமுங்க சார்.”

“அதுக்குள்ள வீக்கம் ஏறிடுமே!”

“ஏறுனா தண்ணி ஊத்திக்குவன். தோலு வெந்துபோச்சுன்னா நீங்க புதுத்தோலு வாங்கித் தருவீங்களா?”

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, முதுகுவலிக்கு நான் தேய்க்கும் தைலத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்தேன். மனுஷனுக்கு நல்லது குதிரைக்கு மட்டும் கெட்டதா என்கிற மேதாவித்தனம். பாதி பாட்டிலை அவள் காலில் தேய்த்து, போதாதென்று மேலே ஒரு துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

ஐந்து நிமிடம்தான். மல்லி கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. காலை உதறினாள், பலகையை உதைத்தாள், வாளி பறந்தது. அண்ணன் சோற்றுக் கையோடு ஓடிவந்து துணியை அவிழ்த்தார். குப்பென்று தைல வாசனை. என் சட்டையிலும் அதே வாசனை. திட்டுவார் என்று தலை குனிந்தேன்.

“பைப்பப் புடிங்க சார்” என்றார், அவ்வளவுதான்.

கை மரத்துப்போகும்வரை இரண்டு பேரும் தண்ணீர் விட்டுக் கழுவினோம். தோல் செக்கச்செவேலென்று தடித்து, அங்கங்கே முடி உதிர்ந்தது. டாக்டரம்மா வந்து பார்த்து, “தோல் முழுசா ஆறுற வரைக்கும் இந்தக் கால்ல எதையும் தடவக் கூடாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க படிச்சவர்தானே?” என்றார்.

மச்சினன் ஊர்வலத்துக்கு ஆட்டோவில் வந்தான். மாமியார் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார், போகட்டும். மல்லி அந்தக் காலை யாரையும் தொட விடவில்லை, அண்ணனைக்கூட. பக்கத்தில் கை போனாலே காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். தோல் ஆறின பிறகும் இப்படியே மருந்து போட விடாமலிருந்தால் நொண்டியாகவே நின்றுவிடுவாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது.

தினமும் ஆபீஸ் விட்டதும் கொட்டகைக்குப் போனேன்.

“சும்மா நில்லுங்க சார். கைய வெக்காதீங்க. அவளா வரட்டும்.”

நின்றேன். முதல் நாள் எனக்கு முதுகைக் காட்டினாள். ஒரு வாரம் கழித்து கேரட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள் தோளைத் தொட விட்டாள்.

தோல் ஆறியது. களிம்பை மறுபடி கழுத்தோரம் தொட்டு வைத்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். தடிப்பே இல்லை! அண்ணன் பையிலிருந்து புதுசாக இரண்டு ஜோடி கிளவுஸ் எடுத்து, ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு இன்னொன்றை எனக்குக் கொடுத்தார். மூடி போட்ட டியூபையும் என்னிடமே நீட்டினார்.

“நானா? வேணாம்ணா, உதைச்சுருவா.”

“உதைச்சா வாங்கிக்கங்க. நீங்கதான் போடணும்.”

மூடியைத் திறந்து, களிம்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மல்லி காதை மடக்கினாள். செத்தேன் என்று நினைத்தேன். காது மெல்ல நிமிர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, சத்தியமாக நான் எதிர்பார்க்கவே இல்லை, காலைத் தூக்கி என் கையில் வைத்தாள்! குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தால் பயந்துவிடுவாளே என்று அடக்கிக்கொண்டு, மெல்லிசாகத் தடவி முடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் கிளவுஸ் போட்ட கையாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்.

“என்னங்கண்ணா ஆச்சு?”

“மருந்துங்க சார். மருந்து கண்ணுல பட்டுருச்சு, எரியுது.”

“ஆமாங்கண்ணா, காரமான மருந்துதான்” என்று சொல்லி, முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். மருந்து முழுக்க என் கையில்தான் இருந்தது என்பதை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.