எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்

தேனி மாவட்டத்தில் எலியைப் பிடித்தவர்கள் உண்டு, அடித்தவர்கள் உண்டு. எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் ஒருவர்தான்: சின்னமனூரில் நானும் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திய எலி சார். உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் மனதைப் பறிகொடுத்தது ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் ஓர் எலியிடம். உடம்பில் முடி கிடையாது; பல் வாய்க்கு வெளியே நிற்கும். வீட்டெலி இரண்டு மூன்று வருஷத்தில் கிழடு தட்டிச் சாக, இது முப்பது வருஷம் தாண்டியும் ஓடியாடுமாம். புற்றுநோய் வருவதே அபூர்வமாம்.

"அதோட செல்லு இருக்கே தம்பி, விஷம், மூச்சுமுட்டல் எதக் குடுத்தாலும் தாங்குது. நம்ம செல்லு தொட்டாச் சுருண்டுக்குது!" என்பார்.

காமயகவுண்டன்பட்டிக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அதன் போட்டோவைக் காட்டினார். பாயசம் வருமுன்னே அந்த மனிதர் எழுந்து போய்விட்டார்.

அதோடு நின்றாரா? தன் செல்லுக்கும் கஷ்டம் கொடுத்துப் பழக்கக் கிளம்பினார். மார்கழிக் குளிரில் ஆற்றில் முங்கினார். மதியச் சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு சனிக்கிழமை உச்சி வெயிலில் செருப்பில்லாமல் குச்சனூருக்கு நடந்தார். கோயிலுக்கு வந்த ஓர் அம்மாள் அவரை நிறுத்தினார்.

"என்ன வேண்டுதல்யா?"

"வேண்டுதல் இல்ல ஆத்தா. செல்லுக்காக நடக்கேன்."

"அடப் பாவமே, தொலைஞ்சிருச்சா? சனீஸ்வரரு மீட்டுக் குடுத்துருவாரு, போங்க."

இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவர் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள் மதுரையில். அன்றோடு எலிப் பேச்சு நின்றது. பார்க்கப் போனேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. முடியெல்லாம் கொட்டி ஒங்க சாரோட எலி மாதிரியே ஆயிட்டேன், பாத்தீகளா? அது கதையச் சொல்லச் சொன்னா மாட்டேங்கிறாக."

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த சார் டம்ளரை வைத்துவிட்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். கதையை முழுதாகச் சொன்னார்.

"அம்புட்டுத் தாங்குமா அது? எனக்கும் நாலு செல்லு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்று அக்கா சிரித்தார்.

சித்திரை பிறப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் எலி சாரைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகியும் முதுகு வளையவில்லை. அப்படியே இருக்கிறீர்களே என்றேன்.

"டாக்டரும் அதத்தான் சொல்றாக. நெஞ்சு, ரத்தம் எல்லாம் வாலிபப் பய கணக்கா இருக்காம்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லீவு நாளு மத்தியானமெல்லாம் அவ சோத்தப் போட்டுட்டுக் காத்திருப்பா தம்பி. நான் பட்டினி கெடந்து செல்லப் பழக்கிக்கிட்டிருந்தேன். கூட ஒக்காந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்."



நான் ஏற வேண்டிய கம்பம் பஸ் கூட்டத்தோடு வந்தது. என்னை முந்திக்கொண்டு ஓடிய எலி சார், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தார். "ஏலே, அங்கன ஒக்காராத! எங்க சாரு வர்றாக!" என்று என்னைக் கைகாட்டினார்.

கம்பம் போகும்வரை அந்தக் கைக்குட்டையை மடித்து மடியிலேயே வைத்திருந்தேன்.