சூறையனுக்கு எத்தனை மார்க்?

படம் இன்னும் வெளிவரவில்லை. ஆனால் அதைப் பார்த்து அழுதவர்கள் நாற்பது பேர் கிடைத்துவிட்டார்கள்.

"கடைசிக் காட்சி முடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை" என்றார் ஒரு வங்கி ஊழியர். "என் அம்மா விசிலடித்து இன்றுதான் பார்த்தேன்" என்றாள் ஒரு கல்லூரி மாணவி. "முதல் நாள் வசூலில் பழைய கணக்கெல்லாம் தவிடுபொடி" என்றார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியாரே சொன்ன பிறகு அப்பீல் உண்டா? ஒரே நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு. முன்பதிவு தொடங்குவதற்கு முந்தின தினமே தியேட்டர் வாசலில் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள்.

அந்த வங்கி ஊழியர் நான்தான். மாணவியும் நான்தான். விசிலடித்த அம்மாவும் நானேதான். தயாரிப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, படம் பார்த்தவர்களின் முதல் கருத்துகளை எழுதுவது என் உத்தியோகம். படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் எழுத வராது.

படத்தின் பெயர் 'சூறையன்'. காற்றைக் கையில் பிடித்து, கட்டடத்துக்குக் கட்டடம் பறந்து, உலகத்தைக் காப்பாற்றுகிறவன். சூறை என்றால் காற்று. கொள்ளை என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் வைத்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படி ஊரார் காதில் பூச்சுற்றியே பிழைத்தவன், தன் காதில் ஒரு தோட்டமே போட்டுக்கொண்டான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் முதலாளிக்குப் படத்தைப் பற்றி ஒரு பயமும் இல்லை, ஓடுமா ஓடாதா என்ற ஒன்றைத் தவிர. அந்தப் பயத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்தான் பெட்டி ஐயா. வெள்ளை அங்கி, மெல்லிய குரல், கையில் ஒரு கறுப்பு மரப்பெட்டி. மக்கள் ஒரு படத்துக்கு என்ன மார்க் போடுவார்கள் என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிப் பெட்டியில் வைத்துவிடுவாராம். பிறகு திறந்து பார்த்தால் ஓர் எண்கூடப் பிசகாதாம். இரண்டு படங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார். எத்தனை படங்களுக்குச் செய்யாமல் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுத்தாளன், கேள்வி கேட்பது என் வேலை இல்லை.

அலுவலகத்தில் எல்லாரும் சூழ்ந்து நிற்க, ஒரு காகிதச் சுருளைப் பெட்டிக்குள் வைத்தார். பூட்டினார். பெட்டி முதலாளியின் இரும்பு அலமாரிக்குள் போனது. சாவி ஐயாவின் கழுத்துக்குப் போனது. "சாவி மட்டும் என் உடம்பை விட்டுப் பிரியாது" என்றார். எனக்குப் புல்லரித்தது. நான் எழுதின நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட அப்படிப் புல்லரித்ததில்லை.

வாக்குச் சொன்னவர் சும்மா போவாரா? பரிகாரமும் சொன்னார். நாயகனின் நீல மேலங்கி ஆகாது, சிவப்பாக்கு என்றார். ஆக்கினோம். நாயகன் இடமிருந்து வலமாகப் பறப்பது கெடுதல், வலமிருந்து இடமாகத் திருப்பு என்றார். பறக்கிற காட்சிகளையெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பினோம். நெஞ்சில் எழுதியிருந்த 'சூ' என்ற எழுத்தும் தலைகால் புரியாமல் திரும்பிக்கொண்டது. அது என்ன மொழி என்று படத்தொகுப்பாளர் கேட்டார். வேற்றுக் கிரக மொழி என்று நான்தான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது பரிகாரம் என் வீட்டுக்குள் வந்தது.

"இந்தப் படத்துல ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிருக்கு. அந்தத் தோஷம் படத்து மேல நிக்குது. அவன் பேர் திரையில வரக்கூடாது. அவன் காலடி அரங்கத்துல படக்கூடாது" என்றார் ஐயா.

கால் முறிந்தவன் என் மைத்துனன். நாயகனுக்குப் பதிலாகக் குதிக்கிற சண்டைக் கலைஞன். நாயகன் பறந்த இடத்திலெல்லாம் விழுந்தது அவன்தான். பதினொரு குதிப்பு நன்றாகக் குதித்தான். பன்னிரண்டாவதில் கயிறு அறுந்தது. அறுந்தது கயிறு, தோஷம் மட்டும் காலுக்கு.

முதலாளி என்னைப் பார்த்தார். "உங்க மச்சினன்தானே? பேர் லிஸ்டை நீங்களே திருத்தி டைப் அடிச்சுடுங்க. கருத்து ஒருங்கிணைப்புன்னு உங்க பேரைத் தனியாப் போடச் சொல்றேன்."

பதினாறு வருஷமாக வேறு பேர்களில் எழுதியவன் நான். என் பேர் பெரிய திரையில் வரப்போகிறது என்றதும் விரல்கள் தாமாகவே நடந்தன. ஒரு வரிதான். ஒரு பெயரை எடுக்க ஒரு வரி போதும்.

வீட்டில் என் மனைவி சிவப்பு மேலங்கிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். சூறையன் உடுப்பு முழுக்க அவள் தைத்ததுதான். விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷின் நின்றது.

"என் தம்பி பேரை நீங்களே எடுத்தீங்களா?"

"நான் எங்கே எடுத்தேன்? ஐயா வாக்கு. அவர் சொன்னா தப்பாது."

"எப்படித் தெரியும் தப்பாதுன்னு?"

"அதான் பெட்டியில எழுதி வச்சிருக்காரே!"

"யார் பாத்தா எழுதினதை?"

"தொறக்கிறப்போ பாக்கலாமே. எண்ணைச் சொன்னதும் அஞ்சு நிமிஷம் மௌனமா இருந்துட்டு வந்து தொறப்பார்."

"ஓ, எண்ணைச் சொன்னதுக்கு அப்புறமா தொறப்பார்?" மெஷினில் நூலைக் கோத்தபடியே கேட்டாள். "சொல்றதுக்கு முன்னாடி தொறந்தா காகிதம் பறந்துடுமா? இல்ல, தப்பான எண்ணைச் சொன்னா என்ன ஆகும்? ஒரு தடவை சொல்லித்தான் பாருங்களேன்."

நான் சிரித்தேன். தெய்வ விஷயத்தில் பெண்களுக்குப் பொறுமை கிடையாது என்றேன். அன்று சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

முன்னோட்டக் காட்சி ஒரு சனிக்கிழமை மதியம். இருநூறு பேருக்கு அழைப்பு. படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். சராசரி எண்ணை நான் மைக்கில் அறிவிப்பேன். பெட்டி திறக்கும். விநியோகஸ்தர்கள் அங்கேயே கையெழுத்துப் போடுவார்கள். அதுதான் ஏற்பாடு.

அழைப்பு இல்லாத ஓர் ஐந்நூறு பேரும் வெளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள், ஐயாவைப் பார்க்க. ஒருவர் மகனின் ஹால் டிக்கெட்டை நீட்டி மார்க் கேட்டார். கர்ப்பிணி ஒருத்தி ஆணா பெண்ணா என்று கேட்டாள். சூறையன் யாருக்கும் ஞாபகமில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இரண்டு ஊன்றுகோல்களோடு என் மைத்துனன். காவலாளி அவனை மட்டும் வழி மறித்து நின்றார்.

"மாமா, என் பேர் லிஸ்ட்ல இல்லையாம். ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

நான் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா சார், சொல்லுங்க சார்" என்றபடி உள்ளே நடந்தேன். கைப்பேசியில் யாரும் இல்லை. அதைவிட மட்டமான வசனம் நான் எழுதியதில்லை.

படம் ஓடியது. அன்றுதான் நானும் பார்த்தேன். சூறையன் வலமிருந்து இடமாகப் பறந்தான். நடுவில் பலர் கைப்பேசியைப் பார்த்தார்கள். விசிலடிக்க எந்த அம்மாவும் வரவில்லை. என் வரிசையில் ஒருவர் கடைசிக் காட்சியில் உண்மையாகவே எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டார்.

வெளிக்கூடத்து மேசையில் என் மனைவியும் நானும் சீட்டுகளைக் கூட்டினோம். உடுப்பைக் கண்காட்சிக்கு வைக்க வந்தவளை உதவிக்கு உட்கார்த்தியிருந்தேன். இரண்டு முறை கூட்டினோம். இரண்டு முறையும் நாற்பத்துமூன்று. கூடத்து மேடையில் ஏறினேன்.

மைக்கைப் பிடித்தேன். எதிரே முதலாளி. அவருக்குப் பின்னால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விநியோகஸ்தர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஐயாவைச் சோதிக்கும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. பயம்தான். பயம் வந்தால் என் வாய்க்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று.

"தொண்ணூற்று ஒன்று!" என்றேன்.

கூடம் அதிர்ந்தது. மனைவி என் காதருகே வந்தாள். "நாப்பத்திமூணுங்க."

"தெரியும். பேசாம இரு."

ஐயா மௌனத்துக்காகப் பக்கத்து அறைக்குள் போனார். ஐந்து நிமிடம் கழித்து வந்து, முதலாளி இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த பெட்டியைக் கழுத்துச் சாவியால் திறந்தார். முதலாளியைச் சுருளை எடுக்கச் சொன்னார். முதலாளி பிரித்தார். உயர்த்திக் காட்டினார். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில்: 91.

கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன். "ஐயா வாழ்க!" என்று பாதி சொல்லியிருப்பேன், கணக்கு இடித்தது. அந்த எண் என் வாயில் பிறந்து ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அது உலகத்தில் எங்கும் கிடையாது. பெட்டிக்குள் மட்டும் ஒரு வாரமாக இருந்ததாம்!

பெட்டி ஐயா கையை உயர்த்தினார். "தடையை விலக்கினோம், மார்க் வந்தது. அந்த முறிஞ்ச கால் மட்டும் உள்ளே வந்திருந்தா..." என்று கண்ணாடிக் கதவைப் பார்த்தார். எழுநூறு தலைகள் திரும்பின. கதவுக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோலில் நின்றிருந்தவன், தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டான்.

மறுபடி மைக்கைப் பிடித்தேன். "தொண்ணூத்தொண்ணு இல்லீங்க. நாப்பத்திமூணு. நான்தான் பொய் சொன்னேன்."

"யோவ், உனக்கு என்னய்யா ஆச்சு?" என்றார் முதலாளி.

"சீட்டு எல்லாம் மேசையில இருக்கு, எண்ணிப் பாருங்க. நான் சொன்ன பொய் எப்படிங்க போன வாரமே பெட்டிக்குள்ள போச்சு?"

ஐயாவின் நெற்றியில் வேர்வை. அடுத்த நொடி புன்னகை. "இவன் பொய் சொல்வான், எந்தப் பொய்யைச் சொல்வான்னு ஒரு வாரத்துக்கு முன்னாடியே என் பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு! பாத்தீங்களா?"

முன்னைவிடப் பலத்த கைதட்டல். வாழ்க்கையில் முதன்முறையாகப் பொது இடத்தில் உண்மை பேசினேன். அவர் புகழ் இரண்டு மடங்கானது.

அப்போதுதான் என் மனைவி, கழுத்தில் அளவு நாடாவோடு மேடை ஏறினாள்.

"ஐயா, பெட்டிதானே சொல்லுது? இன்னொரு தடவை சொல்லட்டும். நான் ஒரு எண்ணை மனசுல நினைச்சுக்கறேன். நீங்க இப்பவே எழுதிப் போடுங்க. போட்டதும் உள்ளங்கையை விரிச்சுக் காட்டுங்க. பெட்டியைத் தொறக்கிறது மட்டும் நானு."

"சோதிக்கிறவங்க முன்னாடி வாக்கு வராதும்மா."

"பத்து நிமிஷத்துக்கு முன்னாடி இவர் பொய்க்கே வந்துச்சே?"

யாரோ சிரித்தார்கள். "செஞ்சு காட்டட்டுமே" என்றார் ஒரு விநியோகஸ்தர், பேனாவை மூடிக்கொண்டே. பேனா மூடுகிற சத்தம் முதலாளியின் பகுத்தறிவைத் தட்டி எழுப்பியது. நேராகப் போய் ஐயாவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தார். உடம்பை விட்டுப் பிரியாத சாவி ஒரே இழுப்பில் பிரிந்தது.

மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். தண்டு, விரல் பருமன். ஊசித் துளையைத் தேடியே பழகிய கண்ணல்லவா? நுனியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. சாவி முழுக்க உள்ளே குழாய். போன வாரம் ஐயா வைத்த சுருள் அவர் உள்ளங்கையை விட்டே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சீட்டில் எதையோ எழுதினாள், சுருட்டினாள், சாவிக்குள் தள்ளினாள். காலிப் பெட்டியை எல்லாருக்கும் கவிழ்த்துக் காட்டினாள். மூடிப் பூட்டினாள். திருப்பித் திறந்தாள். உள்ளே சுருள் கிடந்தது. பிரித்துக் காட்டினாள்: 7.

"ஏழா? அது என்னம்மா ஏழு?" என்றார் முதலாளி.

"கதைக்கு என் மார்க் சார்."

மௌன அறையில் தேடியபோது ஒரு சிவப்புப் பேனாவும் வெட்டி வைத்த காகிதத் துண்டுகளும் கிடைத்தன. ஐயா கிடைக்கவில்லை. பின்கதவு திறந்திருந்தது. அந்தக் கதவைப் பூட்டக்கூடாது என்று முதல் நாளே பரிகாரம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.

நான் கதவைத் திறந்து மைத்துனனை உள்ளே அழைத்தேன். அவன் வரவில்லை. "உங்க போன் பேசி முடிச்சாச்சா மாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். என்னோடு மறுபடி பேச அவனுக்கு நாலு மாதமானது. அது குறைவு.

அவன் பெயர் திரும்பவும் திரைக்கு வந்தது. என் பெயர் போனது, உத்தியோகத்தோடு சேர்த்து. சூறையன் சரியான பக்கமாகப் பறந்து பதினெட்டு நாள் ஓடினான். நாற்பத்துமூன்று மார்க்குக்கு அது நியாயமான ஓட்டம். இப்போது நான் மனைவியின் தையற்கடையில் அளவு எழுதுகிறேன். இதில் பொய் எழுத முடியாது. சட்டையைப் போட்டதும் தெரிந்துவிடும்.

போன வாரம் ஒரு புதுத் தயாரிப்பாளர் கடைக்கு வந்தார். கூடை நிறையப் பழம். மனைவியின் முன்னால் கைகட்டி நின்றார்.

"அம்மா, பெட்டியையே ஜெயிச்ச கை உங்க கை. எங்க படம் ஓடுமான்னு ஒரு வாக்குச் சொல்லணும்."

"படத்தைக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "பாத்துட்டா?" என்றார். "பாக்காமலே சொல்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்கம்மா."

பழக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்படி ஒருவர் அடுத்த தெருவிலேயே அவருக்குக் கிடைத்திருப்பார். மக்களே, படம் பார்க்கத்தான் டிக்கெட் வேண்டும். யோசிப்பதற்கு அனுமதி இலவசம். அந்த அரங்கில்தான் எந்த நாளும் ஒரு வரிசைகூட நிறைவதில்லை.