ஐந்தாவது ஏனுக்குக் கீழே அப்பாவின் படம்

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை, வெட்கத்தால் ஆராதனைக்குப் போகாத பகல்.

அன்புள்ள தம்பி ஜெபகுமாருக்கு,

அண்ணன் தாவீது எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணி ரத்னாவும் ஷாரோனும் உடம்பளவில் சுகம். நீயும் வேலூரில் உன் வீட்டாரோடு சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் வரைக்குமாவது சுகமாக இரு. போனில் பேசக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே உனக்கு "சிக்னல் இல்லண்ணா" வந்துவிடும். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து முழுக்கப் படி.

ஷாரோனுக்கு வந்த வரன் உனக்குத் தெரியும். பையன் பிரசன்னா, அவளோடு ஒரே கம்பெனியில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பாக்கி இருந்தது பையனின் அப்பா ஞானமுத்துவின் சம்மதம் ஒன்றுதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மனைவியை இழந்தவர், இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் பேச்சில் ஊரை விடாதவர். போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஒங்க குடும்பம் எப்படி?" என்று கேட்டார். நான் வழக்கம்போல அப்பாவை எடுத்துவிட்டேன். பர்மாவில் ஜப்பான்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்தவர், குன்றின் உச்சியில் முதலில் கால் வைத்தவர் என்று ஐம்பது வருடமாகச் சபையிலும் யூனியன் ஆபீசிலும் சொல்லிவருகிற அதே கதைதான். புதிதாக ஒரு குண்டுகூடச் சேர்க்கவில்லை. கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு பேச்சுக்குப் பேச்சு 'சார்'தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும். "வல்லம் வடகாலில் யுத்த நினைவு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், அங்கே அப்பா படம் மாட்டியிருக்கிறது, என் தம்பிதான் கொடுத்தான், சனிக்கிழமை எல்லோரும் போய்ப் பார்ப்போம்" என்று நானே அழைத்தேன். நீ அங்கே படத்தோடு இன்னும் என்னென்ன கொடுத்திருந்தாய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து பர்மாச் சண்டைக்குப் போனவர்களுக்காக நினைவகம் கட்டியிருப்பவர்கள் வண்டிக்கு அச்சு செய்யும் ஒரு கம்பெனிக்காரர்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஒன்றுதான் என்பதால் நினைவகத்தையும் தொழிற்சாலையாகவே கட்டிவைத்திருக்கிறார்கள். கேட்டில் செக்யூரிட்டி நோட்டைத் திறந்துகொண்டு, "யாரப் பாக்கணும் சார்?" என்றான். எனக்கும் பெருமை தாங்கவில்லை, "எங்க அப்பாவை" என்றேன். "அவரு எந்த டிபார்ட்மென்ட்டு?" என்றான். "அவர் செத்து முப்பது வருஷம் ஆச்சுப்பா" என்றேன். கொஞ்சமும் அசராமல், "அப்டீனா விசிட்டர்னு போட்டுக்கினு கையெழுத்துப் போடுங்க" என்றான். பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் மஞ்சள் ஹெல்மெட். பாதுகாப்புப் படம் பத்து நிமிடம். தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும், எந்த மரத்தடியில் கூடி நிற்க வேண்டும், மாடிப்படியில் கைப்பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் மனிதர்கள் குண்டடிபட்டுச் செத்த கதையைக் கேட்க வந்தவர்கள் படி தடுக்கி விழுந்துவிடக் கூடாதாம். ஞானமுத்து அன்றைக்கென்று தலைக்குச் சாயம் போட்டு வழித்துச் சீவிக்கொண்டு வந்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் அத்தனையும் போயிற்று.

உள்ளே தரையெல்லாம் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டினால் விசில். சுவரில் துப்பாக்கி முனையில் செருகும் கத்திகளை ஸ்பேனர் மாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவத்தை நிழலாக வரைந்து வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். ஒரு பழைய பீரங்கி இருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு அட்டை: 'உபயோகமற்றது, அகற்றவும்'. யாரோ ஆடிட்டுக்கு வந்தவர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அகற்ற வேண்டியவன் அதைத் துடைத்து மெருகு போட்டு அங்கேயே வைத்திருக்கிறான். சுற்றிக்காட்ட வந்த பெண் பெயர் கவிப்பிரியா. அசெம்பிளி லைனிலிருந்து எடுத்து இங்கே போட்டிருக்கிறார்கள். கை வேகம் போகவில்லை. இப்போது அது வாய்க்கு வந்துவிட்டது. ஒரு வீரனுக்கு நாற்பது விநாடி. "இவரு சுங்குவார்சத்திரம், ரெண்டு மெடலு, வவுத்துல குண்டு, அடுத்தது. இவரு வல்லக்கோட்டை, மலேரியா, மெடலு கெடியாது, அடுத்தது." நின்று ஒரு பெருமூச்சு விடலாமென்றால் பின்னாலிருந்து அடுத்த கூட்டம் தள்ளுகிறது.

அவள் சொல்லிவந்த சண்டைக் கதையில் சரியாகப் படை ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, எதிரே குன்றிலிருந்து ஜப்பான்காரன் சுட ஆரம்பிக்கிற இடம். சைரன் ஊதியது. சண்டைக்காகப் போட்ட சத்தம் என்று நினைத்து ஞானமுத்து மெய்சிலிர்த்தார். கவிப்பிரியா மைக்கைக் கழற்றிவிட்டாள். "ஷிஃப்ட்டு முடிஞ்சிச்சு சார். பஸ்ஸு போய்டும்."

"ஏம்மா, ஆத்துல நிக்கிறவங்க கதி?" என்றேன்.

"அத்த செகண்ட் ஷிஃப்ட்டுல பாத்துக்குவாங்க சார்" என்று நோட்டில் ஏதோ எழுதி வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

நம்பமாட்டாய் தம்பி, இருபது நிமிடம் நாங்களும் அந்தப் படையும் ஆற்றிலேயே நின்றோம். பிறகு பிரவீன் என்று ஒருவன் டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நோட்டைப் பார்த்தான். "ஆத்து வரிக்கும் ஓவரு. பென்டிங் குன்று மட்டும்தான். வாங்க சார்" என்று சண்டையின் மீதியை ஒரே வரியில் முடித்து நேரே கடைசி ஹாலுக்குக் கூட்டிப்போனான். "இதான் சார் நம்ம மியூசியத்துலயே ஹைலைட்டு" என்று திரையை விலக்கினான்.

அங்கே அந்தப் பலகை.

நீ காலேஜ் குமாஸ்தா, உனக்குப் புரியாது, விளக்குகிறேன். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் எது கெட்டாலும் ஒரு பலகை எழுதுவார்கள். ஏன் கெட்டது என்று கேட்டுப் பதில் எழுதி, அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு, இப்படி ஐந்து தடவை கேட்டால் மூல காரணம் வந்துவிடும் என்பது கணக்கு. இருபத்தொன்பது வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இந்தக் கையால் இப்படி இருநூறு பலகைக்குக் குறையாமல் எழுதியிருக்கிறேன். அதில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஐந்தாவது பதில் கான்ட்ராக்ட் ஆள் தலையில் வந்து இறங்க வேண்டும். இன்ஜினியர் தலையில் இறங்கினால் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். சரி, அது நட்டு போல்ட்டுக்கு. இவர்கள் பர்மா யுத்தத்துக்கே எழுதிவிட்டார்கள். முதல் நாள் குன்றைப் பிடிக்க முடியவில்லை, ஏன்? படை தாமதமாகக் கிளம்பியது. ஏன்? வீரர்கள் தயாராகவில்லை. ஏன்? காலையில் சாப்பிடவில்லை. ஏன்? சோறு வேகவில்லை. ஏன்? சமையல்காரர் யோபு, வடக்குப்பட்டு. அதற்குக் கீழே சிவப்பில் 'மூல காரணம்' என்று எழுதி நம் அப்பாவின் படம். நம் வீட்டில் சட்டம் போட்டபோது மார்போடு வெட்டிவிட்டோமே, அந்தப் படம் அல்ல. நீ கொடுத்த முழுப் படம். கையில் கரண்டியோடு! பக்கத்தில் 'திருத்த நடவடிக்கை: மறுநாள் முதல் அவல் பொட்டலம்' என்று எழுதிப் பச்சை டிக் வேறு.

"ஆடிட்டுல இந்த போர்டுக்குத்தான் சார் ஃபர்ஸ்ட் பிரைஸு" என்றான் பிரவீன்.

ஞானமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். "யோபுன்னா...?" என்று இழுத்தார்.

"அது வேற யோபு. வடக்குப்பட்டுல நாலஞ்சு யோபு உண்டு" என்றேன். என் நாக்கு அந்த நேரத்தில் செய்த ஒரே நல்ல வேலை அது. அதையும் உன் அண்ணி கெடுத்தாள். "ஐய, இன்னாங்க இது, மாமாதானே! அந்தக் காதப் பாருங்க, அப்டியே உங்க காது" என்று பூரித்துப்போய்க் காட்டினாள். பிரசன்னா என் காதைப் பார்த்தான். பிரவீனும் பார்த்தான். ஷாரோன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "டாடி, நீங்க எழுதின போர்டெல்லாம் இப்டித்தானே முடியும்?" என்றாள். பெற்ற பெண் கேட்கிற கேள்வியா இது?

ஞானமுத்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பிரவீன் கையில் கொடுத்தார். "நான் கெளம்புதேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடந்து வெளியே போய்விட்டார். பையனும் பின்னாலேயே போனான். ஷாரோன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே வைத்துக்கொள்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று ஐந்து தடவை கேட்கத் தேவையில்லை, ஒரு தடவை போதும். அவர்கள் பேட்டி எடுக்க வந்தபோது அப்பாவின் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் நீட்டி, "முதல் நாள் சோறு லேட்டாயிடுச்சுன்னு அப்பாவே சொல்லுவாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் நீ. உண்மை பேச உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? அப்பா சமையல்காரர் என்று எனக்கு மட்டும் தெரியாதா? அந்தப் பர்மா மழையில் ஈர விறகை ஊதி ஊதி எண்பது பேருக்கு வடித்துக் கொட்டிய மனிதர் கடைசிவரை கண்ணெரிச்சலோடு இருந்தாரே, அதையும் சொல்லியிருக்க வேண்டியதுதானே. விறகு ஏன் ஈரம் என்று கேட்க அவர்களிடம் ஆறாவது ஏன் இல்லை, பலகை முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பெழுத்துக்குக் கீழே அப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி. ஹெல்மெட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆகவே நீ உடனே லீவு போட்டு வர வேண்டியது. கம்பெனி வாசலில் நின்று, ஜுரத்தில் உளறிவிட்டேன் என்று எழுதிக்கொடுத்துப் படத்தையும் புத்தகத்தையும் திரும்ப வாங்க வேண்டியது. பலகையை இறக்கும்வரை என் வீட்டுப் படி ஏற வேண்டாம். அதற்குப் பிறகும் யோசித்து ஏறு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கர்த்தர் உன்னை நூறாண்டு காத்து, வாயை மட்டும் கொஞ்சம் கட்டிவைப்பாராக.

இப்படிக்கு,
அண்ணன் தாவீது

பி.கு.: கவரை ஒட்டியபின் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். நீ லீவு போட வேண்டாம். கம்பெனிப் பக்கம் தலைகாட்டவே வேண்டாம். பலகை அங்கேயே இருக்கட்டும், படத்தை ஒருவரும் தொடக் கூடாது. இப்போதுதான் ஞானமுத்து பையனோடு வந்துவிட்டுப் போகிறார். பதினெட்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாராம். ஒரு லோடு உதிரிபாகம் பழுதென்று திரும்பி வந்தபோது ஐந்தாவது ஏனில் இவர் பெயரை எழுதி, இவர் போட்டோவை ஒட்டிக் கேன்டீன் வாசலில் ஆறு மாதம் மாட்டியிருந்தார்களாம். "பட்டாளத்துச் சூரப்புலின்னு நீங்க சொன்னப்பமே எனக்கு உள்ளுக்குள்ள ஒதறல். இவ்வளவு பெரிய எடம் நமக்குச் சரிப்படுமான்னு. நேத்து ஒங்க அப்பாவை அங்க பாத்ததும் என் போட்டோவே மாட்டிக் கெடந்த மாதிரி இருந்துச்சு, அதான் நிக்காம வந்துட்டேன். நம்மாளு சார் அவுக" என்றார். பிறகு 'சார்' போய் 'சம்பந்தி' ஆயிற்று. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு வந்து சேர். நான் இருநூறு பலகை எழுதியவன் என்பதை மட்டும் அவரிடம் மூச்சு விடாதே. உனக்கு உண்மை பேசும் வியாதி உண்டு. அவர் தரப்பில் ஒரே ஒரு நிபந்தனைதான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னார்: "எல்லாம் ஒங்க இஷ்டம் சம்பந்தி. கல்யாணச் சமையலை மட்டும் நாங்க பாத்துக்கிடுதோம்."