பாப்பா தூங்கிய விவரம் பதிவாகவில்லை

ஒரு குழந்தை தூங்குவது சட்டப்படி குற்றமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு இதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது.

திருவிடந்தையில் ஈ.சி.ஆர். சாலையைப் பார்த்தபடி எங்கள் பெயின்ட் கடை. கீழே கடை, மேலே வீடு. கடையில் என் வீட்டுக்காரர் கிருபாகரன். வீட்டில் நானும் ஏழு மாதப் பாப்பாவும். கடையின் மூலையில் ஒரு ஷேக்கர் இருந்தது. பெயின்ட் டப்பாவை இரண்டு தட்டுகளுக்கு நடுவே இறுக்கி, கதவை மூடி, பட்டனை அழுத்தினால் தடதடவென்று குலுக்கி நிறத்தைக் கலந்து கொடுக்கும். அதற்கு நேர் மேலே எங்கள் வீட்டுத் தூளி.

பாப்பா தூங்காது. பிறந்ததிலிருந்தே தூங்காது. டாக்டர், "சில குழந்தைங்க அப்படித்தாம்மா" என்றார். நான் பயந்த சுபாவம். தூங்காத குழந்தைக்கு என்னென்ன ஆகும் என்று போனில் படித்து, படித்ததையெல்லாம் பாப்பாவின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒருநாள் கீழே ஒரு ரிசார்ட்டுக்காக இருபது டப்பா நீலம் கலந்தார்கள். தரை அதிர்ந்தது, தூளி நடுங்கியது, பாப்பா ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. இருபதாவது டப்பா முடிந்ததும் கண்ணைத் திறந்தது.

"சும்மாவே ஓட்டுங்களேன்" என்றேன்.

"காலியா ஓட்னா பேரிங் பூடும்டி. உள்ள எதுனா வெயிட்டு இருக்கணும்."

ஊரில் தினமும் யார் சுவருக்கு நிறம் அடிப்பார்கள்? ஆகவே, எதையாவது குலுக்க வேண்டியவர்கள் எங்கள் கடைக்கு வரலாம், இலவசம் என்று நானே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். குலுக்க வேண்டிய பொருள் இவ்வளவு பேரிடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் படகு மெக்கானிக் சின்னராசு அண்ணன் வந்தார். துருப்பிடித்த நட்டு, போல்ட்டையெல்லாம் மணலோடு ஒரு டப்பாவில் போட்டுப் பத்து நிமிடம் குலுக்கினார். வெளியே எடுத்தால் கல்யாணத்துக்கு வாங்கினதுபோல மின்னின. "மச்சான், இத்த வெச்சிகினு போயும் போயும் பெயின்ட்டா கலக்கிகினு கீற?" என்று கிருபாகரனைக் கேட்டார். மாமல்லபுரத்துச் சிற்பி கலையரசன் சின்னச் சின்னக் கல் யானைகளை மூட்டையாகக் கொண்டுவந்தார்; குலுக்கியதில் வழவழப்பு வந்தது, சிலவற்றுக்குத் தும்பிக்கை போனது. அவற்றைக் காண்டாமிருகம் என்று விற்றார். பிரியாணிக் கடைக்காரர்கள் பூண்டை அனுப்பினார்கள். தோல் தனியாக வந்தது.

மோர் விற்கும் காசியம்மாள் தயிரை மூடி போட்ட வாளியில் கொண்டுவந்தாள். மூன்றே நிமிடத்தில் வெண்ணெய் திரண்டது. "ஏங்கண்ணு, அம்பது வருசமா என் கையி இன்னாத்துக்கு மத்து சுத்துச்சு?" என்று மெஷினை ஒரு உதை விட்டாள்.

மேலே பாப்பா மணிக்கணக்கில் தூங்கியது. ஊர் குலுங்கிக்கொண்டிருக்கும்வரை எனக்குக் கவலையில்லை.

பிறகு ஊரப்பாக்கத்திலிருந்து திவ்யா என்ற பெண் காரில் வந்து அந்த மோரைக் குடித்து, போனில் ரீல்ஸ் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் கார் வரிசை நின்றது. காசியம்மாள் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் வாங்க மறுத்தார்கள். பெயின்ட் டப்பாவில்தான் வேண்டுமாம், அதுதான் அசலாம். புது டப்பா கொடுத்தால், "உள்ளே பெயின்ட்டே இல்லையே, ஏமாத்துறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

அந்த ரீல்ஸின் கடைசியில் திவ்யா ஒரு வார்த்தை சேர்த்திருந்தாள்: "இந்த வீட்டுப் பாப்பாகூட இந்த மெஷின்லதான் தூங்குது!"

நான்காம் நாள் ஜீப் வந்தது. இறங்கியவர் கோதண்டராமன், பொருட்கள் உரிய பயனுக்கே பயன்படுகின்றனவா என்று கண்காணிக்கும் பிரிவின் அலுவலர். அப்படி ஒரு பிரிவு இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கான்வென்ட்டில் படித்த பழக்கத்தில், முத்திரை வைத்த காகிதத்தைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"குழந்தையை எந்த டப்பாவுல வெப்பீங்க?" என்றார். "இருபது லிட்டரா, பத்து லிட்டரா?"

"ஐயோ சார், குழந்தையை உள்ளே வைக்கிறதில்லை. குழந்தை மாடியிலே தூளியிலே. மெஷின் கீழே. சத்தத்துக்குத் தூங்குது, அவ்வளவுதான்."

"அதாவது, வண்ணப்பூச்சு நீங்கலாக உலோகம், கல், பூண்டு, மோர், குழந்தை ஆகிய ஐந்து இனங்களில் பயன்படுத்தியிருக்கீங்க." எழுதிக்கொண்டார். "குழந்தை தூங்குதுன்னு சொல்றது உண்மையான்னு நேரில் ஆய்வு பண்ணணும். அதுவரைக்கும் மெஷினுக்கு சீல்."

ப்ளக்கில் துணியைச் சுற்றி அரக்கு வைத்தார். பிறகு மாடிக்கு வந்து, பாப்பாவை ஆய்வு செய்தார். பாப்பா அவரை ஆய்வு செய்தது.

"தூங்கலையே?"

"மெஷின் ஓடினாத்தானே சார் தூங்கும்."

"சீல் வெச்ச மெஷினை ஓட்டறது குற்றம்மா."

"அப்போ எப்படி சார் நிரூபிக்கிறது?"

"தூங்க வெச்சுத்தான்."

'குழந்தை விழித்திருந்தது, கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதி, ஷேக்கரைச் சான்றுப் பொருளாகச் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு ஏற்றிப் போனார். ஆறு நாள் பாப்பா தூங்கவில்லை. ஏழாம் நாள் அதன் கண்ணுக்குக் கீழே கருப்பாக இரண்டு பிறை. தூக்கிக்கொண்டு, மெஷினைத் திருப்பிக் கேட்கும் மனுவோடு நானும் கிருபாகரனும் அந்த அலுவலகத்துக்கு ஓடினோம்.

அன்று அங்கே வீட்டுமனைக் குலுக்கல். பத்து மனை, இருநூறு மனு. சென்ற தடவை டப்பாவைக் கையால் குலுக்கியதில், வேண்டியவர் சீட்டு விரலில் ஒட்டிக்கொண்டு வருவதாகப் புகார் ஆனதால், இந்தத் தடவை மனிதக் கை படாமல் குலுக்குவது என்று தீர்மானம். மேசைமேல் எங்கள் ஷேக்கர்.

"சார், சீல் வெச்ச மெஷின் ஆச்சே?" என்றேன்.

"சீல் அப்படியே இருக்கு, பாருங்க." இருந்தது. ஒயரை நடுவில் வெட்டி, வேறு ப்ளக் மாட்டியிருந்தார்கள். சீல் வைத்த ப்ளக் தனியாக ஒரு தட்டில் பத்திரமாக இருந்தது.

சீட்டுகளை டப்பாவில் போட்டு இறுக்கினார்கள். எத்தனை நிமிடம் குலுக்கினால் நியாயம் என்பதற்கு விதி எதுவும் இல்லாததால், பாதுகாப்பாக ஒரு மணி நேரம் என்று முடிவானது. பட்டனை அழுத்தினார்கள். பெஞ்சு அதிர்ந்தது. பாப்பா கொட்டாவி விட்டது. அதைப் பார்த்த கோதண்டராமன் விட்டார். அவரைப் பார்த்த ஹெட் கிளார்க். பிறகு இருநூறு மனுதாரர்கள். கடைசியாக நான், ஏழு மாதத்தில் முதல் தடவை.

விழித்தபோது மெஷின் நின்றிருந்தது. டப்பாவைத் திறந்தார்கள். சீட்டு எதுவும் இல்லை. வெள்ளையாகத் தூள் இருந்தது.

படாளத்திலிருந்து வந்திருந்த விவசாயி செங்கல்வராயன் எட்டிப் பார்த்தார். "சார், என் பேரு எந்தத் தூள்ல கீது?"

"எல்லார் பேரும் எல்லாத் தூள்லயும் இருக்கு. இதைவிடப் பாரபட்சம் இல்லாம யாரும் குலுக்க முடியாது" என்றார் கோதண்டராமன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

நான் முன்னால் ஓடினேன். "சார்! பாப்பா தூங்குச்சு! பாத்தீங்களா?"

"இல்லையேம்மா." கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். "அலுவல் நிமித்தமாக் கண்ணை மூடியிருந்தேன்."

'குழந்தை தூங்கியதாகத் தாய் கூறுகிறார். அவ்வமயம் விழித்திருந்த அலுவலர் எவருமில்லை. விவரம் பதிவாகவில்லை. மறு ஆய்வு நாளை' என்று எழுதினார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அந்த மெஷின் இல்லாமல் அலுவலகத்தில் எந்தக் கூட்டமும் நடப்பதில்லை என்று ஆகிவிட்டது. தூங்காத குழந்தைகளோடு மற்றத் தாய்மாரும் வரத் தொடங்கினார்கள். மனு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஆளுக்கொரு மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். எதற்கு மனு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

நேற்று எங்கள் மனுவுக்கு ஆணை வந்தது. மனு ஏற்கப்பட்டது! மெஷினை எடுத்துப் போகலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: இனி வண்ணப்பூச்சு மட்டுமே கலக்க வேண்டும்.

கிருபாகரனுக்குச் சந்தோஷம். "இன்னாடி முழிக்கிற? கையெழுத்துப் போடு, வெளில வண்டி நிக்குது."

நான் பெஞ்சைப் பார்த்தேன். பதினோரு தாய்மார், பதினோரு குழந்தைகள், தூங்கத் தயாராக. மடியில் பாப்பா, கொட்டாவிக்குத் தயாராக. பெயின்ட் வாங்க எங்கள் கடைக்கு வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். இங்கே குலுக்க வேண்டிய காகிதம் என் பாப்பாவின் பேரக்குழந்தைகள் காலம்வரை தீராது.

பேனாவை வாங்கினேன். என் மனுவை ஏற்றுக்கொண்ட ஆணையை எதிர்த்து நானே மேல்முறையீடு எழுதினேன்.

கோதண்டராமன் படித்துப் பார்த்தார். என் மனுக்களில் முதல் தடவையாக, ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

"நல்ல முடிவும்மா. இது விசாரணைக்கு வர்றதுக்குள்ள உங்க பாப்பா காலேஜ் போயிடும்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பட்டனை அழுத்தச் சொன்னார்.