இரண்டாம் இடத்துக்கு இறங்கிய மிராபெல் புயல்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்.
தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாம் கிழமை.

பெருமதிப்புக்குரிய சகலர் சிவநேசம் அண்ணை அவர்களுக்கு,

தங்களுக்கும் குணேஸ்வரி அக்காவுக்கும் எல்லா நலமும் உண்டாக இவ்விடத்து முருகனை வேண்டிக்கொண்டு விமலநாதன் எழுதுவது. நாங்கள் இங்கு நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அந்த "நாங்கள்" என்பதில் பெரிய பாதி இப்போது ஸ்காபரோவில் உங்கள் வீட்டு மேல்மாடியில் இருக்கிறது. ஆகையால் நான் மட்டும், அரைகுறை நலம். இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற ஆள். வாட்ஸ்அப்பில் போட்டாலோ அக்கா பார்க்க முதல் என் மனைவி ஞானாம்பிகை பார்த்துவிடுவாள். அதனால்தான் இந்தக் காலத்தில் முத்திரை தேடி அலைகிறேன். மூத்த சகலர் என்ற முறையில் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, அவளை எப்படியாவது பஸ் ஏற்றி அனுப்பிவையுங்கள்.

அவள் உங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று அக்கா சொன்னா. அப்படியானால் நானே சொல்கிறேன். எங்கள் முதியோர் ஒன்றியத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பனிப்புயல் ஓய்ந்த மறுநாளும் ஆம்பிளைகள் எல்லாரும் கோப்பிக்கடையில் கூடி, அந்தப் புயலுக்கு எத்தனையாம் இடம் என்று தீர்மானிப்போம். பொங்கல் விழாவில், வீணைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில், செயலாளராகிய நான் மேடையேறித் தரவரிசையை அறிவிப்பேன். விதிகள் கடுமையானவை. புயல் மொன்றியலில் அடித்திருக்க வேண்டும், சொல்கிறவர் அதற்குள் நின்றிருக்க வேண்டும், தன் கையால் பனி வாரும் சவலைப் பிடித்து அள்ளியிருக்க வேண்டும். உங்கள் ரொறன்ரோவில் இரண்டு விரல் பனி விழ ஊரே லீவு எடுப்பதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, குறை நினைக்கவேண்டாம்.

இத்தனை வருடமாக முதலாம் இடம் மிராபெல் புயலுக்குத்தான், அதாவது ஞானாம்பிகை வந்து இறங்கிய நாளுக்கு. இந்த வருடம் நான் நியாயப்படி போன மாசிப் புயலை முதலாம் இடத்துக்கு உயர்த்தி, மிராபெலை இரண்டாவதாக வாசித்தேன். சபை கைதட்டியது. முன்வரிசையில் பொங்கல் தட்டோடு இருந்த ஞானாம்பிகை, தட்டைப் பக்கத்துக் கதிரை மனுசியின் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போனாள். அடுத்த நாள் காலை பஸ். குளிர்பெட்டிக்குள் எனக்கு ஒரு கிழமைக்குச் சாப்பாடு செய்து, டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சும்மா கோபம் என்றால் பட்டினி போட்டுவிட்டல்லவா போயிருப்பாள்!

மிராபெலுக்கு நான் அநியாயம் செய்யவில்லை அண்ணை. தொண்ணூற்று மூன்று பங்குனி. என்னைக் கலியாணம் கட்டவென்று கொழும்பிலிருந்து வருகிறாள். அந்த நாளில் வெளிநாட்டு விமானமெல்லாம் மிராபெலில்தான் இறங்கும், நகரத்துக்கு வெளியே, வெறும் வயலுக்கு நடுவில். நேரத்தோடு வெளிக்கிட்டிருந்தால் ஒரு சில்லெடுப்பும் வந்திருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு மட்டும் ராகுகாலம். பெண்ணை அழைக்கப் போகிறவன் அதற்குள் படியிறங்கலாமா? காத்திருந்தேன். ஆறு மணிக்குச் சப்பாத்தைப் போட்டேன். கார் கொண்டுவந்த என் சிநேகிதர் பத்திநாதர் வேதக்காரர், ராகுவும் கேதுவும் தெரியாத கிறிஸ்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஐசே, உம்மடை பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்திலை அடிச்சதெல்லோ? அங்கை இப்ப திங்கக்கிழமை விடியுது" என்றார். திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது, அதாவது இங்கே இரவு ஒன்பதிலிருந்து பத்தரை. கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்தப் பனிக்குள் ஊர்ந்து போய்ப் பெண்ணின் முகத்தில் முழிக்கிற நேரம் சரியாக அதற்குள்ளே விழுகிறது. எந்த ஊர் ராகு எங்களைப் பிடிக்கும் என்று கேட்கவும் ஒரு ஐயர் அயலில் இல்லை. எதற்கும் இரண்டையும் கழிய விட்டுப் போவோம் என்று கோட்டைக் கழற்றிக் கொழுவினேன். இரண்டும் கழிந்தன. பெருந்தெருவையும் மூடிவிட்டார்கள்.

விடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். கூறைச்சேலை மாதிரி ஒரு சேலை, அதற்கு மேலே விமான நிலையத்தைத் துப்புரவாக்குகிற ஒரு மனுசியின் நீலக் கோட்டு, கையில் உருளைக்கிழங்குப் பொரியல், சூட்கேசின் மேல் குந்தியிருந்தாள். "நீங்களோ?" என்றாள். "ஓம்" என்றேன். "சரி, வாங்கோ" என்றாள். அதோடு மூன்று நாள் பேச்சில்லை. இத்தனை பெருமை உள்ள புயலை நான் மறப்பேனா? ஆனால் சென்ரிமீற்றர் என்று ஒன்று இருக்கிறதே!

மற்றப் புயல்களுக்கும் நான் இப்படித்தான் நீதி வழங்கியிருக்கிறேன். என் முதல் குளிர்காலப் புயலை எடுங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்கிறோம், தெருவில் சைரன் அலறுகிறது, விளக்குச் சுழல்கிறது, பெரிய வாகனங்கள் உறுமுகின்றன. ஊரில் அந்தச் சத்தங்களைக் கேட்டு வந்த ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஐந்து பேரும் நெஞ்சு தரையில் பட விழுந்து படுத்துவிட்டோம். பனி அள்ள வருகிறோம், காரை எடு என்பதற்குத்தான் அந்தச் சைரன் என்று பத்திநாதரின் காரை அவர்கள் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. அந்தப் புயலுக்கு ஐந்தாம் இடம் கொடுத்திருக்கிறேன். தொண்ணூற்றெட்டில் கரண்ட் இல்லாமல் நகரமே இருண்டு கிடந்ததே, அது பனியே இல்லை, உறைமழை என்று தள்ளிவைத்தோம். எங்கள் பக்கம் கரண்ட் இருந்தது. ஞானாம்பிகை இரண்டு தெரு ஆட்களைக் கூட்டிவந்து புட்டு அவித்துப் போட்டாள். பக்கத்துத் தெரு மதாம் ஜினெட் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு அழுதவ, அடுத்த நாளும் வந்தா. பதினேழாம் ஆண்டு நெடுஞ்சாலையில் வாகனங்கள் இரவிரவாகப் புதைந்து கிடந்தனவே, அதற்குள் நின்றவர் எங்கள் ஒன்றியத்தில் பத்திநாதர் ஒருவர்தான். அதற்கு முதலாம் இடம் கேட்டு ஒவ்வொரு வருடமும் குழப்படி செய்கிறார். காருக்குள்ளே குந்தியிருந்தவர் எப்படி அள்ளினவர் ஆவார்? நான் அசையவில்லை.

இனி முதலாம் இடம். போன மாசி, ஒரே கிழமைக்குள் இரண்டு புயல், எழுபது சென்ரிமீற்றருக்கு மேல். காருக்குப் போட்ட துணிக்கூடாரம் காரின் மேலேயே படுத்துவிட்டது. கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். அள்ளி முடித்து நிமிர, பனி தள்ளும் வாகனம் வந்து வாசலில் இன்னொரு மலையைத் தள்ளிவிட்டுப் போகிறது. அதையும் அள்ளினேன். லொங்குய்யிலிருந்து மகள் நிருஷா போன் எடுத்து, "அப்பா, ஆளைப் பிடிச்சுச் செய்யுங்கோ" என்று கத்தினாள். ஆளைப் பிடித்தால் தரவரிசையில் அதைச் சேர்க்க முடியாதே அண்ணை, விதி இருக்கிறதல்லவா? கடைசியில் எனக்குக் கொஞ்சம் தலையைச் சுற்றியது, சற்று இருந்தேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலும் என்னை விடாமல் சில நாள் வைத்திருந்து, நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சின்னக் குழாயை வைத்து அனுப்பினார்கள். இவர்களுக்கு வேறு வேலை இல்லை. மேடையில் இதை நான் கொஞ்சம் நடித்தே காட்டினேன், சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

இப்போது நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டாம் இடம் என்ன அவமானமா? நிருஷாவிடம் கேட்டேன். "அப்பா, உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையோ?" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரம் விளங்காது. ஆனால் அண்ணை, உள்ளதைச் சொல்கிறேன், டப்பாச் சாப்பாடு முடிந்து மூன்று நாள். அது பரவாயில்லை, முட்டை பொரிக்கத் தெரியும். விடிய எழும்பி யன்னல் திரையை இழுத்து, "இஞ்சை, வெளியிலை பாத்தீரோ?" என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் இருக்கிறதே, அதுதான் ஏலாமல் இருக்கிறது. வானிலையை யாருக்குச் சொல்வது? நாளைக்கு முப்பது சென்ரிமீற்றர் என்கிறார்கள். சவலைக் கதவடியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

கொள்கை கொள்கைதான், தரவரிசையை மாற்ற மாட்டேன். வேண்டுமானால் மிராபெலுக்கு "வாழ்நாள் சிறப்பு" என்று ஒரு தனி இடம் கொடுக்கிறேன் என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். அக்காவின் முழங்கால் வலி தீரவும், உங்கள் இனிப்பு வருத்தம் கட்டுப்படவும், வீட்டில் எல்லாரும் சீரும் சிறப்புமாக இருக்கவும் வேண்டி இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கள் அன்புச் சகலன்,
கா. விமலநாதன்
செயலாளர்

பி.கு. அத்தான், இது ஞானாம்பிகை எழுதுறன். நான் சுகமா வந்து சேந்திட்டன் எண்டு அக்காவிட்டைச் சொல்லுங்கோ. ஸ்னோ வருதெண்டு ரேடியோவிலை கேட்டவுடனை வாயிலை வைச்ச தேத்தண்ணியையும் வைச்சிட்டு ஓடி வந்ததுக்குக் கோவிக்காதேங்கோ. வந்து கதவைத் திறந்தால் இவர் தொப்பியும் போட்டு, சப்பாத்தும் போட்டு, சவலோடை நிக்கிறார். மேசையிலை இந்தக் கடிதம் கிடந்தது, முழுக்க வாசிச்சன். மிராபெலிலை பசியோடையும் குளிரோடையும் இருந்த இரவை முதலாம் இடத்திலை வைக்கச் சொல்லி ஆர் கேட்டது? இரண்டாம் இடமோ இருபதாம் இடமோ, எனக்கென்ன. போன மாசிக்குத்தான் முதலாம் இடம், அதிலை எனக்கும் இவருக்கும் சண்டை இல்லை. ஆனா இவர் தலைச்சுத்து எண்டு எழுதியிருக்கிறது மாரடைப்பு, அத்தான். உங்களுக்கு அண்டைக்கு முழுக்கச் சொல்லேல்லை. ஸ்னோவுக்குள்ளை விழுந்து கிடந்தவரின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு, அம்புலன்ஸ் தெருவுக்குள்ளை வர ஏலாமல் நிக்க, விமலநாதன், விமலநாதன் எண்டு பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு இருந்தனான். கலியாணம் கட்டின நாள் தொட்டு அண்டைக்குத்தான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனான். அதை இவர் மேடையிலை ஏறி நடிச்சுக் காட்டச் சனம் சிரிக்குது. நான் எப்பிடி அதுக்குள்ளை இருந்து பொங்கல் சாப்பிடுறது? இவரிட்டை இதைச் சொன்னன். கதிரையிலை இருந்து தொப்பியையும் சப்பாத்தையும் கழட்டினவர். பேந்து, கடிதத்தைத் தபாற்பெட்டியிலை போட்டிட்டு வாறன் எண்டு எழும்பிச் சப்பாத்தைத் தேடுறார். சப்பாத்தெல்லாம் என்ரை சூட்கேசுக்குள்ளை வைச்சுப் பூட்டியாச்சு. நானே கொண்டுபோய்ப் போடுறன்.